ஹென்றி எழுதிய பதில்

செத்துப்போன பெயர்களை வாங்கி விற்பதுதான் சுதர்சினியின் தொழில். பயப்பட வேண்டாம், இணையப் பெயர்களைச் சொல்கிறேன். எவனோ ஒருவன் ஆசைஆசையாய் ஒரு வீடியோத் தளம் தொடங்குவான், அதற்கு ஒரு பெயரையும் பதிந்துகொள்வான், இரண்டு மூன்று வருசத்தில் அலுத்துப்போய் அப்படியே விட்டுவிடுவான். சந்தா கட்டாத பெயர் இரண்டரை மாதம் அந்தரத்தில் தொங்கும். அதற்குப் பிறகு யார் முந்திக் கையை நீட்டுகிறார்களோ அவர்களுக்கு அது சொந்தம். சுதர்சினி கையை நீட்டுகிறவள். வாங்கிய பெயரில் சின்னதாக ஒரு தளம் கட்டி, நாலு வீடியோவைப் போட்டு, ஆட்கள் வந்துபோகிற இடமாக்கி, பிறகு விற்பாள். காடு பிடித்த காணியை வாங்கித் துப்புரவு பண்ணி விற்பதைப் போலத்தான்.

ஹேவாஹெட்டவில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்கு மட்டும் இது கடைசிவரை விளங்கவில்லை. "கையில புடிக்க முடியாத சாமான எவன்டி வாங்குவான்?" என்று போனில் கேட்பாள். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. இன்சூரன்ஸ் கந்தோர் வேலையை உதறிவிட்டு வந்து இரண்டு வருசம், பன்னிரண்டு பெயர்கள், அதில் பதினொன்று சீந்துவாரில்லாமல் கிடந்தன. பழைய கந்தோரில் அவளுடைய கதிரையை மாதக் கடைசி வரைக்கும்தான் காலியாக வைத்திருப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே பன்னிரண்டாவது விலைபோயே ஆக வேண்டும். போனால் இந்தத் தொழில் அவளுடையது. போகாவிட்டால் மறுபடியும் கந்தோர்ச் சேலை, எட்டு மணி பஸ், மேனேஜரின் சிடுசிடுப்பு.

அந்தப் பன்னிரண்டாவது பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் உடனே போய்த் தட்டிப் பார்ப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா. மலைநாட்டையும் வீடியோவையும் ஒட்டிவைத்த பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். அதற்கு ஆள் கிடைத்திருந்தார். டொரொன்டோவில் இருக்கும் ஜனகன், யாழ்ப்பாணத்துக்காரர். மலையக வீடியோக்களுக்கென்றே ஒரு தளம் நடத்த வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

"சுதர்சினி, நான் வாங்கிறது பேரை இல்லை, அந்தப் பேருக்குப் பழகின ஆக்களை," என்றார் ஜனகன். "முப்பது நாள் பாப்பன். பழைய ஆக்கள் ஒராளும் குறையப்படாது. அப்பிடி இருந்தால் முப்பதாம் நாள் உங்கட பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள பேரை என்ரை பக்கம் மாத்தி விடுங்கோ. சரியே?"

"சரிங்க," என்றாள். அவளுக்குப் பெரிய சந்தோசம்தான்.

சுதர்சினி இருந்தது கட்டுகஸ்தோட்டையில், மடவளைப் பக்கம் திரும்புகிற சந்திக்குக் கிட்ட, ஸிபானுடைய போன் திருத்தும் கடைக்கு மேல்மாடியில். ஒரு மேசை, ஒரு அலுமாரி, ஒரு யன்னல். மத்தியானம் திரும்பியதும் மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து பனிப்புகார் ஏறி யன்னலை மூடும். அந்த நேரத்தில்தான் தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற கணக்கைத் திறந்து பார்ப்பாள். மூன்றாம் நாளே கவனித்துவிட்டாள். பழைய தளத்தில் நூற்றிப்பதினேழு என்று ஒரு பக்கம் இருந்திருக்கிறது. இப்போது அப்படியொரு பக்கமே கிடையாது. பழைய முகவரி எதைத் தட்டினாலும் அவள் புதிதாகப் போட்ட தேர்த்திருவிழாப் பாட்டு வருகிற மாதிரிச் செய்துவைத்திருந்தாள். ஆனாலும் ஒருவர் ஒவ்வொரு நாளும் சரியாக மூன்றே காலுக்கு வந்து அந்த இல்லாத பக்கத்தைத் தட்டினார். தட்டி, பாட்டைக் கேட்டு, நிறுத்தி, மறுபடி தட்டினார். பத்துத் தடவை, பதினைந்து தடவை. வெளிநாடுமில்லை, கண்டியிலிருந்துதான்.

இடித்துப்போட்ட வீட்டுக்கு முன்னால் ஒருவர் தினமும் வந்து கதவைத் தேடித் தடவுகிறாரே என்று அவளுக்கு மனம் என்னவோ செய்தது. ஆனால் ஜனகனின் கணக்கில் அந்த ஆளும் ஓர் ஆள். அலுத்துப்போய் வராமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

நாலாம் நாள் கடிதம் வந்தது. பெயரை வாங்குகிறவளுக்கு அந்தப் பெயரில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே வந்துவிடும். பழைய சொந்தக்காரருக்கு யாராவது எழுதினால் அது இனி அவளுடைய பெட்டியில்தான் விழும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, வெளியாட்களுக்குத் தெரியாது. கடிதத்தில் பெயருமில்லை, வணக்கமுமில்லை.

"இங்க பாருங்க, அந்த வீடியோ வருதில்ல. தொட்டா வேற யாரோ பாடுறாங்க. எனக்கு அதுதான் வேணும்."

அனுப்பியது ஹென்றி என்ற பெயருக்கு. எழுதியவரின் முகவரி வெறும் எண்களாக இருந்தது. சுதர்சினி கீழே இறங்கிப் போய் ஸிபானிடம் கேட்டாள்.

"ஹென்றி மாஸ்டரத் தெரியாதா தங்கச்சி?" ஸிபான் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "கலியாணம், சாமத்தியம், மையத்து வீடு, எல்லாத்துக்கும் வீடியோ எடுத்த மனுசன். கொரோனா நேரம் ஊருல யாரு செத்தாலும் சொந்தக்காரங்க வீட்டுல இருந்து பார்க்க அவருதான் லைவ் போட்டாரு. பொறகு அவருக்கே அது தொத்தி மவுத்தாப் போய்ட்டாரு. நாலு வருசமாகுது. பாவம், நல்ல மனுசன்."

"அப்ப இவரு செத்தது தெரியாம யாரோ எழுதுறாங்க போல," என்றாள் சுதர்சினி.

"சொல்லிருங்க தங்கச்சி. மவுத்தான மனுசன்ட பேர்ல வெளாட வேணாம்."

சொல்லியிருக்கலாம். மூன்று வரி எழுதினால் முடிந்தது. மேலே ஏறி வந்து எழுதவும் உட்கார்ந்தாள். ஹென்றி இறந்துவிட்டார் என்று அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அனுப்பினால் இந்த ஆள் நாளைக்கு மூன்றே காலுக்கு வர மாட்டார். அடித்ததை அழித்தாள். வேறு எழுதினாள்.

"மன்னிக்கவும், திருத்த வேலை நடக்குது. கொஞ்சம் பொறுங்க, போட்டுத் தாறேன். ஹென்றி."

அனுப்பினாள். சே, ஒரு கடைக்காரன் சொல்கிற பொய்தானே, நாளைக்கு வாங்க, சாமான் வந்துரும் என்று சொல்வதில்லையா என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

அடுத்த ஐந்து நாளும் அந்த ஆள் வரவில்லை. மூன்றே கால் வந்தது, மூன்றரை வந்தது, கணக்கில் வெறும் பூச்சியம். ஐயோ, கெடுத்துவிட்டேனே என்று சுதர்சினி நகத்தைக் கடித்தாள். ஆறாம் நாள் ஒரே ஒரு சொல் வந்தது.

"நீங்களா?"

"ஆமா, நான்தான்," என்று எழுதினாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கடிதம் வரத் தொடங்கியது. சின்னச் சின்னக் கடிதங்கள். இன்றைக்கு மழை, கூரையில் ஓர் ஓடு விலகிவிட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சை பாஸாகிவிட்டது. ஒரு நாள், "அங்க குளிரா?" என்று வந்தது. சுதர்சினி சிரித்துக்கொண்டாள். கண்டியில் பாதிச் சனம் இத்தாலியிலும் கனடாவிலும் கிடக்கிறது. ஹென்றியும் அப்படி எங்கேயோ போயிருக்கிறார் என்று யாரோ ஒரு தெரிந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். "ஆமா, கொஞ்சம் குளிர்தான்," என்று பதில் போட்டாள். "இருமல் நின்னுருச்சா?" "நின்னுருச்சு." "தனியாவா இருக்கீங்க?" "இல்ல, ஆளுங்க நிறைய இருக்காங்க."

எவ்வளவு துணிச்சல் பாருங்கள். பொய் சொல்கிறவர்களுக்கு முதல் படிதான் உயரம், பிறகு இறக்கம்.

ஆனால் வீடியோவைப் போட்டுத் தருவதாகச் சொல்லியாயிற்றே. ஹென்றியின் வீடியோக்கள் எங்கே கிடக்கும் என்று தேடினாள். இணையத்தில் கோப்புகளைச் சேமித்துவைக்கிற ஓர் இடத்தில் அவருக்குக் கணக்கு இருந்தது, அவருடைய அந்தப் பழைய மின்னஞ்சலில்தான் திறந்திருந்தார். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினாள். புதுக் கடவுச்சொல்லுக்கான கடிதம் அவளுடைய பெட்டியிலேயே வந்து விழுந்தது. செத்த மனிதரின் வீட்டுப் பூட்டின் திறப்பு அப்படித்தான் அவள் கைக்கு வந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

உள்ளே போனபோது பின்னேரம் மூன்று மணி. வெளியே புகார். நானூறுக்கு மேற்பட்ட வீடியோக்கள் திகதி போட்டு அடுக்கியிருந்தன. பாதிக்கு மேல் சாவு வீடுகள். ஒவ்வொன்றின் சின்னப் படத்திலும் ஒரு பெட்டி, ஒரு முகம், இரண்டு மெழுகுதிரி அல்லது ஒரு குத்துவிளக்கு. நூற்றிப்பதினேழை மட்டும் திறந்தாள். அது சாவு வீடில்லை. கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய ஏதோ ஒரு பிள்ளையின் புதுநன்மை விழா, வீட்டு முற்றத்தில் விருந்து, வெள்ளை உடுப்பு, கேக் வெட்டு. இதற்குப் போயா ஒருவர் தினமும் வந்து தவம் கிடக்கிறார் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. பதினோராவது நிமிடத்தில் மழை பிடித்தது. கமெராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது.

"ஜூலி, கொடைய இந்தப் பக்கம் புடி. ஆ, அப்பிடித்தான். நீ நனையாம நில்லு." பிறகு ஓர் இருமல்.

படத்தில் ஒரு குடையின் விளிம்பும், அதைப் பிடித்த வளையல் கையும் தெரிந்தன. அவ்வளவுதான். கூட வேலை செய்த பெண்ணாக்கும் என்று சுதர்சினி நினைத்தாள். ஆனாலும் அந்தக் குரல் அறைக்குள் கேட்டபோது அவளுக்கு மயிர்க்கால் குத்திட்டது. இவ்வளவு நாளும் ஹென்றி என்பது அவள் அடிக்கிற மூன்று எழுத்துத்தான். இப்போது அதற்குத் தொண்டை இருந்தது, சளி இருந்தது.

வீடியோவை அதே பக்கத்தில் பழையபடி போட்டாள். மறுநாள் மூன்றே காலுக்கு அந்த ஆள் வந்தார், முப்பத்தொரு தடவை பார்த்தார். எந்த இடத்தைப் பார்க்கிறார் என்பதையும் கணக்குக் காட்டியது. முப்பத்தொரு தடவையும் அந்தப் பதினோராவது நிமிடம்தான். "கேட்டேன்," என்று கடிதம் வந்தது. "நீங்க எனக்காகத்தான் போட்டீங்க."

அதற்குப் பிறகு சுதர்சினிக்கு அந்த அறையில் தனியே இருக்கப் பயம் வந்தது. படித்தவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள், இதையெல்லாம் வெளியில் சொல்ல வெட்கம். ஆனால் பட்டப்பகலிலேயே, யன்னலைப் புகார் மூடிய நேரத்தில், தேர்த்திருவிழா வீடியோவின் மேளச் சத்தத்துக்கு நடுவில் யாரோ இருமினார்கள். நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். மேளம் மட்டும்தான். கீழே கடைக்கு வந்த ஆளாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். கடையில் ஸிபான் மட்டும் தொழுகைக்குப் போவதற்காகக் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் அந்தக் குரலிலேயே காதில் விழுந்தது. விரல் அவளுடையது, பேச்சு அவருடையது. ஒரு நாள் அவளை அறியாமலே, "நனையாம இரு," என்று முடித்திருந்தாள். அதுவரை மரியாதையாகத்தான் எழுதிவந்தாள். ஒருமையில் எப்படி எழுதினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திருப்பி எடுக்க முடியுமா, அது போய்விட்டது.

அன்றைக்கு வந்த பதில் நீளமாக இருந்தது. "இப்பதான் நீங்க நீங்களா எழுதியிருக்கீங்க. இவ்வளவு நாளும் யாரோ வெளியாள் மாதிரி பேசினீங்க, எனக்கு மனசு ஆறல. அம்மாவ அங்க கண்டீங்களா? என்ன பத்திக் கேட்டாங்களா?"

யாருடைய அம்மா என்று சுதர்சினிக்குத் தெரியாது. "கண்டேன். சுகமா இருக்காங்க. உன்னைக் கேட்டாங்க," என்று எழுதினாள். இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாள் கழிந்தால் ஜனகனிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிடலாம். தெய்வமே, அது மட்டும் நடந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

முப்பதாம் நாள் வந்தது. காலையிலேயே ஜனகன் பேசினார். "நல்ல வடிவாய் வைச்சிருக்கிறியள் சுதர்சினி. ஒராளும் குறையேல்லை. பின்னேரம் மாத்தி விடுங்கோ, நான் பாத்துக்கொண்டிருப்பன்." சுதர்சினி அம்மாவுக்குப் போன் எடுத்து, பின்னேரம் ஒரு நல்ல சேதி சொல்லுகிறேன் என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு மணி கடந்து கடிதம் ஒன்று வந்தது.

"இங்க பாருங்க, எனக்கு இங்க யாருமில்ல. நானும் அங்க வந்திரட்டா? நீங்க வான்னு ஒரு சொல்லு சொன்னா இன்னைக்கே வந்திருவேன்."

விசா, டிக்கற் எதுவும் இல்லாமல் எங்கேயம்மா வருகிறாய் என்று சுதர்சினி நினைத்தாள். கடைசிக் கடிதம்தானே, மனம் நோகாமல் எழுதிவிடலாம். "தாராளமா வா," என்று அடித்து, அனுப்பப் போகும்போது ஸிபான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு மேலே வந்தான். நல்ல சேதியை முதலில் அவனிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தவள், சந்தோசத்தில் கடிதங்களையும் காட்டினாள். ஸிபான் ஒவ்வொன்றாக வாசித்தான். அவனுடைய முகம் மாறிக்கொண்டே போனது.

"தங்கச்சி, இதுல ஒண்ணுலயாவது பேரு இரிக்கா?"

"இல்ல. ஏன்?"

"மாஸ்டர்னு இல்ல, அண்ணன்னு இல்ல, மிஸ்டர் ஹென்றின்னு இல்ல. எல்லாத்துலயும் 'இங்க பாருங்க'. எங்கட உம்மா வாப்பாவ நாப்பது வருசம் இப்பிடித்தான் கூப்பிட்டா. பேரு சொல்ல மாட்டா." கோப்பையை மேசையில் வைத்தான். "இது அவர்ட பொஞ்சாதி, தங்கச்சி. இவவுக்கு அவர் மவுத்தானது தெரியும்."

சுதர்சினிக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. அங்க குளிரா. இருமல் நின்னுருச்சா. அம்மாவ கண்டீங்களா. குடை பிடித்த ஜூலி கூட வேலை செய்தவளில்லை. ஐயோ, எந்த ஊரைக் கேட்டாள் அந்தப் பெண், எந்த ஊரிலிருந்து இவள் பதில் எழுதினாள்! பேய் பேய் என்று பயந்துகொண்டிருந்தவளே பேயாக இருந்திருக்கிறாள். அவளுடைய அம்மாவும் அப்பாவை இப்படித்தானே கூப்பிட்டாள், மலையில் எந்தப் பொம்பிளை புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்? பிறந்ததிலிருந்து கேட்ட அழைப்பு, ஆட்களின் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் படவில்லை. அடித்துவைத்த இரண்டு சொல்லையும் அழித்தாள்.

ஹென்றியின் சேமிப்பில் பழைய பில் ஒன்று இருந்தது, அதில் வீட்டு விலாசம். அம்பிட்டிய. ஸிபான் ஓட்டோ ஒன்றைப் பிடித்துக் கொடுத்தான். பாடசாலை விடுகிற நேரம், வாவியைச் சுற்றி வாகனம் நகரவில்லை. "அண்ணே, கொஞ்சம் வேகமா போங்க அண்ணே," என்று அவள் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். மூன்றே கால் தாண்டியது. போனில் கணக்கைத் திறந்து பார்த்தாள். நூற்றிப்பதினேழாம் பக்கத்துக்கு யாரும் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சரிவில் இறங்குகிற ஒரு சின்ன வீடு. முற்றத்தில் கோழிக்கூடு திறந்து வெறுமையாகக் கிடந்தது. கதவு சாத்தவில்லை. உள்ளே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலை வாரி, நல்ல சேலை ஒன்று உடுத்தி, கதிரையில் அமர்ந்திருந்தாள். கையில் போன். உயிரோடு இருந்தாள். சுதர்சினி வாசலில் நின்றபடி கேட்டாள்.

"ஜூலியம்மாங்களா?"

"ஆமா. வாங்க." அவள் எழுந்திருக்கவில்லை. "கோழி கேட்டு வந்தீங்களா? அதுகள பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேனே. நான் இன்னைக்கு ஒரு பயணம் போறதா இருக்கேன். அவரு பதில் போடணும், அதுக்குத்தான் காத்திருக்கேன்."

"அம்மா," என்றாள் சுதர்சினி. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தப் பதில போடுறது நான்தாங்க."

சொல்லிவிட்டாள். பிறகு நிறுத்தவும் முடியவில்லை. பெயர் காலாவதியானது, தான் வாங்கியது, கடிதங்கள் தன் பெட்டியில் விழுந்தது, ஒருத்தரும் குறையக் கூடாதென்று ஹென்றி என்று கையெழுத்துப் போட்டது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி கொட்டினாள். சுவரில் மாலை போட்ட படமொன்று இருந்தது. கமெராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கிற ஒரு மனிதர், முகத்தில் பாதி தெரியவில்லை.

"வேற படம் இல்ல," என்றாள் ஜூலி, அவள் பார்ப்பதைக் கண்டு. "ஊரையெல்லாம் எடுத்தவரு, அவர எடுக்க ஆளில்ல. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாரு. பொறகு மூடின பெட்டியத்தான் காட்டினாங்க, அதுவும் தூரத்துல. முகம் பார்க்கல. ஊர்ச் சாவெல்லாம் லைவ் போட்ட மனுசனுக்கு ஒரு நிமிசம் வீடியோ எடுக்க யாருமில்ல. அழுகவும் இல்ல நான். எத வச்சு அழுகுறது? அந்தக் குரல் மட்டும்தான் மிச்சம். மூணு மணிச் செபம் முடிச்சு அதக் கேப்பேன், ரெண்டு வரி எழுதுவேன். நாலு வருசம். இந்த வருசம் திடீர்னு கடுதாசியெல்லாம் திரும்பித் திரும்பி வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் திரும்பி வரல. சரி, இப்ப எடுத்துக்கிறாருன்னு நெனச்சேன். பொறகு பதிலும் வந்துச்சு."

சுதர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த மாசம் நான் எழுதினது எல்லாத்தையும் நீங்கதான் வாசிச்சீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அவரு ஒண்ணுகூட வாசிக்கல." அதை ஜூலி கேள்வியாகக் கேட்கவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். சுதர்சினி கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, "என்னைய ஏசுங்கம்மா, அடிங்க," என்று அழுதாள். ஜூலி ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜனகன் அழைத்தார். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"யாரு?" என்றாள் ஜூலி.

"அந்தப் பேர வாங்குறவரு. அஞ்சு மணிக்குள்ள மாத்திக் குடுக்கணும்."

"குடுத்தா நாளைக்கு நான் எழுதுறது அந்த ஆளுக்குப் போவுமா?"

"போவும்."

சுதர்சினி அழைப்பைத் துண்டித்து, "இத விக்கலங்க, மன்னிச்சுக்குங்க," என்று ஜனகனுக்கு ஒரு வரி அனுப்பினாள். பழைய கந்தோரின் கதிரை ஒருமுறை கண் முன்னால் வந்து போனது. ஆனாலும் அனுப்பியதைத் திருப்பி எடுக்க அவள் நினைக்கவில்லை.

"வாற ஞாயித்துக்கெழம அவருக்கு வருசப் பூச," என்றாள் ஜூலி மெதுவாக. "ஃபாதர்கிட்ட வேணாமுன்னு சொல்லிட்டேன். வருசப் பூச செத்தவங்களுக்குத்தானே, பதில் எழுதுற மனுசனுக்கு எதுக்குன்னு. கோயில் ஆபீஸ் இப்ப தெறந்திருக்கும். போன் எடுத்து, பூச வேணுமுன்னு சொல்லுங்க."

"நானாம்மா?"

"இருக்காருன்னு எழுதினது நீங்க. நீங்கதான் சொல்லணும்." தன் போனிலிருந்த இலக்கத்தை அழுத்தி அவளிடம் நீட்டினாள். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்தாள்.

மறுபக்கம் வயதான ஒரு மனிதரின் குரல். "கோயில் ஆபீஸ்."

"ஒரு பூச எழுதணுங்க," என்றாள் சுதர்சினி.

"யாருக்கு?"

"ஹென்றிக்கு. அம்பிட்டிய ஹென்றி, வீடியோ எடுக்கிறவரு."

பேனா தேடும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டார். "இருக்கிறவருக்கா, இறந்தவருக்கா?"

ஜூலி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இன்னும் ஒரு துளி ஆசை மிச்சமிருந்தது, சுதர்சினி அதைக் கண்டாள். கண்டுவிட்டுச் சொல்வது அவளுடைய வாழ்நாளிலேயே ஆகப் பெரிய கொடுமையாக இருந்தது.

"இறந்தவருக்கு," என்றாள்.

ஜூலி கதிரையிலிருந்து சரிந்து தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். நாலு வருசமாக வராத ஒப்பாரி வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பி வந்தது. "என்ன ராசா, என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே, ஹென்றி, ஹென்றி," என்று முதல்தடவையாகப் புருசனின் பேரைச் சொல்லிக் கத்தினாள். பக்கத்து வீட்டுச் சனம் ஓடி வந்து வாசலில் நின்றது. சுதர்சினி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீழே விழுந்த போனுக்குள் அந்த மனிதர், "ஹலோ, எந்தப் பூசைக்கு? யாரும் வருவாங்களா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

ஜூலிதான் கையை நீட்டி அதை எடுத்தாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"காலைப் பூசைக்கு எழுதுங்க," என்றாள். "நான் வருவேன்."